நமுத்த வெடியின் கடைசிப் பாட்டு

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா?

ஏகப்பட்ட விசாரிப்புகள் குவிந்திருக்கும் என்ற நினைப்பில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரே ஒருவர்தான் அழைத்திருந்தாராம். அதுவும் சந்தாவைப் புதுப்பிப்பது எப்படி என்று கேட்க. பரவாயில்லை... நீங்கள் கேட்காவிட்டாலும் காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

தொண்டை போய்விட்டது. எழுதுவதற்கு எதற்குத் தொண்டை என்பீர்கள். நான் நடந்துகொண்டே போனில் பேசிப் பதிவு செய்துகொள்கிறவள். அதை வைத்துத்தான் பிறகு எழுதுவேன். சிவகாசிக்குப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கத்திவிட்டு வந்ததில், பதிவில் வெறும் காற்றுதான் இருந்தது.

சொத்துத் தகராறு எதுவும் இல்லை. சினிமா!

கார்த்தி படம் எடுக்கிறான். படத்தின் பெயர் 'மேக லீவு'. பெரிய நடிகர் கிடையாது, சண்டை கிடையாது, வெளிநாட்டில் பாட்டு கிடையாது. பட்ஜெட் என்ற ஒன்றும் கிடையாது என்றுதான் தோன்றியது. கேமராமேனே டீ வாங்கிவரப் போகிற படம். கதை? சிவகாசியில் ஒரு பங்க் ராக் பேண்டு இருந்த கதை.

சிரிக்காதீர்கள். இருந்தது. அதில் நான்தான் பாடகி.

கார்த்தி எங்கள் ஊர் ஆஃப்செட் அச்சகக்காரர் மகன். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அவர்கள் அடித்ததாகக்கூட இருக்கலாம். பிரிண்டிங் படிக்கட்டும் என்று பையனைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அவன் அங்கே ஏதோ ஒரு கிளப்பில் பங்க் ராக் கேட்டுவிட்டு, ஒரு எலெக்ட்ரிக் கிடாரோடு வந்து இறங்கினான். அவன் அப்பா அது என்ன சாமான் என்று கேட்டதற்கு, பிராஜெக்ட் என்று சொன்னான்.

பங்க் ராக் என்றால் என்ன? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். சங்கீதம் தெரியாதவர்கள் கோபமாக இருக்கும்போது வாசிப்பது. வேகமாக இருக்க வேண்டும். சத்தமாக இருக்க வேண்டும். ஆரம்பிக்கும்போதே முடிந்துவிட வேண்டும். குரல் நன்றாக இருந்தால் பாட விடமாட்டார்கள்.

என்னை விட்டார்கள்.

டிரம்ஸ் - முத்துமாரி. என் தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை என் பெஞ்சு. எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை இந்தப் பத்தியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன். பிளஸ் டூ முடித்ததும் நான் காலேஜ் பஸ்ஸில் ஏறினேன், அவள் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். முதலில் பேக்கிங் செக்‌ஷன். பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது.

மதுரையில் ஒரு மெல்லிசைக் குழு கைகழுவிவிட்ட டிரம்ஸ் செட்டை கார்த்தி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். முத்துமாரி எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உட்கார்ந்தாள். அடித்தாள். அச்சகத்துப் பின்கட்டின் தகரக் கூரையிலிருந்து பல வருஷத்துத் தூசி எங்கள் தலையில் கொட்டியது. அன்றைக்கே பேண்டு தொடங்கியாயிற்று.

பெயர் வைத்தவளும் அவள்தான். 'நமுத்த வெடி'. ஈரம் பட்டு, திரி கருகியும் வெடிக்காமல் கிடக்குமே, அதுதான். எங்கள் ஊரில் இதைவிட மானக்கேடான பெயர் கிடையாது. அதனாலேயே எங்கள் மூவருக்கும் அது பிடித்துப்போனது.

படத்துக்கு ஏன் 'மேக லீவு' என்று பெயர்? வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் இடி மின்னல் நேரத்தில் வேலை நடக்காது. மேகம் கருத்துத் திரண்டு, ஆனைக்குட்டம் பக்கம் ஒரு மின்னல் வெட்டினால் போதும், போர்மேன் வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முத்துமாரிக்கு லீவு என்றுதான் பெயர். துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் அந்த நாள் சரியாகப் போய்விடும். இந்த மேக லீவு மட்டும்தான் வீட்டுக் கணக்கில் வராத நேரம். கம்பெனி பஸ்ஸிலிருந்து அச்சகத்துப் பக்கமே இறங்கி, நேராகப் பின்கட்டுக்கு வந்துவிடுவாள்.

நானும் காலேஜில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் மாவட்டத்தில் மேகத்தை நம்பி விவசாயம் செய்கிறவர்களே பாவம். நாங்கள் மேகத்தை நம்பி ஒரு பேண்டு நடத்தினோம்! எங்களிடம் மொத்தமே நாலைந்து பாட்டு இருந்ததற்கு இதுதான் காரணம்.

எங்களைப் பார்த்து சாத்தூரில் ஒரு பேண்டு கிளம்பியது. விருதுநகரில் ஒன்று. விருதுநகர் பையன்கள் ஒருமுறை மிளகாய் வற்றல் குடோனில் கச்சேரி வைத்தார்கள். மூட்டைகளை ஓரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். மூட்டையைத் தள்ளலாம், நெடியைத் தள்ள முடியுமா? நான் இரண்டு வரி பாடுவேன், நாலு தும்மல் போடுவேன். கூட்டமும் தும்மியது. கார்த்தி கண்ணீர் வடிய வாசித்தான். முத்துமாரி மட்டும் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்து நொறுக்கினாள். முடிந்ததும் ஒரு பையன் வந்து, அந்தத் தும்மல் பாட்டு பிரமாதம் அக்கா, இன்னொருமுறை பாடுங்கள் என்றான்.

எங்கள் பாட்டுகளில் ஊருக்குப் பிடித்தது 'போர்டு'. வார்த்தைகள் என்னுடையவை. உண்மையில் என்னுடையவையும் இல்லை. என் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஒருநாள் அம்மாவைக் கூப்பிடப் போனபோது, கம்பெனி வாசலில் நின்று அங்கே பாதுகாப்பு போர்டில் எழுதியிருந்ததை எல்லாம் உரக்கப் படித்துக் காட்டினேன். ஓடாதே. உரசாதே. இழுக்காதே. தட்டாதே. அம்மா அசந்துபோய்ப் பார்த்தார். அவருக்கு நான் போட்ட முதல் உத்தரவுகள்!

அதையே பாட்டாக்கினோம். நான் 'ஓடாதே' என்று கத்துவேன். பின்னாலிருந்து முத்துமாரி ஒரு அடி. 'உரசாதே', ஒரு அடி. 'தட்டாதே' என்று கத்தியதும் கையில் இருக்கும் பலத்தை எல்லாம் கொட்டி அடிப்பாள். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்காரர்கள். பகல் முழுக்கத் தட்டாமல், உரசாமல் இருந்துவிட்டு வந்தவர்கள். அந்த அடி விழும்போது அவர்கள் போடும் கூச்சல் இருக்கிறதே...

பிறகு என்ன, எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கார்த்தி உதவி இயக்குநராகப் போனான். முத்துமாரிக்கு லோடு வண்டி ஓட்டும் மாப்பிள்ளை. நல்ல மனிதர். சண்டை போட்டுக்கொண்டு கலைந்த பேண்டுகளைப் பற்றி எழுதுகிறார்கள். எங்கள் பேண்டு கலையவே இல்லை. மூன்று பேரும் ஒரே ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

சென்னையில் நான் எத்தனையோ கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். ஏசி அரங்கு. துல்லியமான சத்தம். டிக்கெட்டில் கொறிக்க ஏதோ சேர்த்துத் தருகிறார்கள். ஆனால் பாருங்கள், பாடுகிறவளுக்கு டிரம்ஸ் காதில் கேட்பதில்லை. முதுகில் கேட்கும். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில், சரியாக அந்த இடத்தில், நீ பாடு, நான் இருக்கிறேன் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருப்பாள். அலுவலகத்தில் ஏதாவது பேச எழுந்திருப்பேன். நன்றாகத்தான் பேசுவேன். பேசி முடித்து உட்காரும்போது முதுகு சில்லென்று இருக்கும். அங்கே யாரும் இல்லை.

அதனால்தான், கடைசிக் காட்சிக்கு நீங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே வந்து வாசிக்க வேண்டும் என்று கார்த்தி போனில் சொன்னபோது, கதையைக்கூடக் கேட்காமல் டிக்கெட் போட்டேன்.

படம் முழுக்க எங்களாகச் சென்னைப் பிள்ளைகள் நடித்திருக்கிறார்கள். கடைசியில் அவர்கள் விலக, நிஜமான நமுத்த வெடி வந்து 'போர்டு' பாட்டை வாசிக்கும். அதோடு படம் முடியும். என்னாக நடித்த பெண்ணைப் பற்றி எனக்கு ஒரே ஒரு குறைதான். என்னைவிட நன்றாகப் பாடுகிறாள். முத்துமாரியாக நடித்தவள் ஷாலினி. அவளும் டிரம்ஸ் வாசிக்கிறவள், கெட்டிக்காரி. அதே பின்கட்டு. அதே பழைய டிரம்ஸ் செட். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாள்தான். மறுநாள் காலையில் கேமராவும் மைக்கும் வேன் ஏறிவிடும். வேறு படத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

முத்துமாரி பூப்போட்ட சுடிதாரில் வந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "என்னட்டி, சென்னையில சோறு போட மாட்டேங்காகளா?" கார்த்தியைப் பார்த்து, டைரக்டர் சார் என்று கும்பிடு போட்டாள். அவன் நெளிந்தான். பழைய மாதிரி 'லே' போட்டுக் கூப்பிடு என்று கெஞ்சினான். சம்பளம் வாங்கும் ஆட்கள் முன்னால் மரியாதை குறையக் கூடாது பாருங்கள் என்றாள். சம்பளம் வாங்காத ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உட்கார்ந்தாள். குச்சிகளைக் கையில் எடுத்தாள். கார்த்தி 'ஆக்‌ஷன்' என்றான். நான் கத்தினேன்.

"ஓடாதே!"

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். குச்சி டிரம் மேல் இருந்தது. ஆனால் அடிக்கவில்லை. வைத்திருந்தாள். பாலில் ஆடை கலையாமல் கரண்டியை வைப்போமே, அப்படி.

மறுபடி எடுத்தோம். கை நன்றாகத்தான் ஓங்கியது. வேகமாகத்தான் இறங்கியது. டிரம்மின் தோலைத் தொடுகிற இடத்தில் தானாக மெதுவாகி, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பக்கத்தில் தொங்கும் அந்தப் பித்தளைத் தட்டை அடிப்பதற்கு முன்னால், அது ஆடாமல் இருக்க இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். ஆடாமல் பிடித்தால் அது எப்படி ஒலிக்கும்?

கேமராவைப் பார்க்காதே என்றான் கார்த்தி. பயப்படாதீங்கக்கா என்றது ஒரு சென்னைக் குரல். யாரோ ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஷாலினி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மணிக்கட்டைத் தளர்த்துவது எப்படி என்று பதமாகச் சொல்லிக்கொடுத்தாள். முத்துமாரி எல்லோருக்கும் தலையாட்டினாள். மறுபடி ஓங்கினாள். மறுபடி வைத்தாள். மதியம் வரை இதுதான் நடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேக்கிங்கில் இல்லை. புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எதையும் தட்டக் கூடாது, போடக் கூடாது, இழுக்கக் கூடாது. இத்தனை வருஷப் பழக்கம். அடிக்கும் கை அடிக்க மறந்துவிட்டது, பாவம். பத்திக்கு நல்ல விஷயம் என்றுகூட ஒரு மூலையில் தோன்றியது. எழுதுகிறவளின் புத்தி.

பின்கட்டுக்கு வெளியே, காகிதக் கழிவு மூட்டைகள் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போய், மெதுவாக ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். விடு, மறந்துபோனது மறந்துபோனதுதானே என்றேன்.

"கை மறந்துருச்சுன்னு நெனைக்கியா?" என்றாள். "மறக்கலடீ. நாந்தான் புடிச்சு வச்சிருக்கேன்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். கார்த்தி போன் செய்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம், சந்தோஷத்தில். சமையல் முடிந்ததும் தலையணையை வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நாளிலேயே எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கை முன்பைவிட நன்றாகப் பேசியது. வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, தலையணைக்கு வாய் இருந்தால் போலீசுக்குப் போயிருக்கும் என்றாராம். அப்புறம் ஒருநாள், வேலையில் இருக்கும்போது, பேச்சுவாக்கில் மனசு எங்கோ போய்விட்டது. கை தன்னால் எழும்பி, மருந்துத் தட்டின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டது. 'போர்டு' பாட்டின் ஆரம்பம்.

"ஒண்ணும் ஆகல. ஆயிருந்தா நான் இங்கன நின்னு பேசிட்டா இருப்பேன்? ஆனா அந்த ரூமுல கூட இருந்தவளுக எவளும் கத்தல. கத்தியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். அப்படியே என் கையப் பாத்துட்டு உக்காந்திருந்தாளுக."

அதோடு தலையணையைத் தொடவில்லை அவள்.

"இன்னிக்கி நான் அடிச்சிருவேன். நல்லாவே அடிப்பேன். இது ருசி கண்ட கை. நாளைக்குக் காலையில இதே கையத்தான அங்கன கொண்டுட்டுப் போகணும். வேற கை வச்சிருக்கேனா?"

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து இருக்கும். அன்றைக்கு இல்லை. அப்படியானால் ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அந்த சீட்டில் ஒருதடவை உட்கார்ந்து பார்க்கணும் போலிருந்தது என்று. உட்கார்ந்தால் அடிக்காமல் எழுந்து வந்துவிட முடியும் என்று நினைத்தாளாம்.

கார்த்தியிடம் சொன்னோம். அவன் கிடாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேக்கிங்குக்கே மாற்றல் கேட்கலாமே என்றான். சீசன் நேரத்தில் எந்தப் போர்மேன் மாற்றுவார்? தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துக் கிடக்கும், அப்போது அடித்தால் கையை மறுபடி பழக்கி எடுக்க நாள் இருக்கும், அதுவரை பொறுக்க முடியுமா என்று நான் கேட்டேன். இத்தனை பேரைத் திரும்பக் கூட்டுவது தன்னால் ஆகாது என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் அவன் முகத்துக்காக வந்தவர்கள்.

கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். முத்துமாரி முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கைக்கு மட்டும் ஷாலினி. சினிமாவில் இது சகஜம்தான்.

"முகம் என்னோடது, கை அந்தப் புள்ளையோடதா? அப்ப நான் எங்கனலே இருக்கேன்?"

அன்றைக்கு அவள் அவனை 'லே' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் கேட்டு வாங்கியதுதான்.

ஷாலினியும் மாட்டேன் என்றுவிட்டாள். அக்கா முன்னால் உட்கார்ந்து அக்கா கையாக நடிக்க என்னால் முடியாது என்றாள். நல்ல பிள்ளை. அப்படியென்றால் கடைசிப் பாட்டே வேண்டாம், அதற்கு முந்தின காட்சியோடு படத்தை முடித்துவிடலாம் என்று கார்த்தி சொன்னான். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு விட்டான். ஒரு படத்தின் கடைசிப் பாட்டு, எண்ணெய் பரோட்டா பார்சல் வந்ததும் இவ்வளவு சுலபமாக இல்லாமல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை.

எல்லோரும் முன்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முத்துமாரி பசிக்கவில்லை என்று பின்கட்டிலேயே இருந்துவிட்டாள். நான் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகத்தான் வருத்தம் என்று சொன்னால் பாதிப் பொய். என் முதுகுக்காகவும்தான். இனி ஒருதடவை அந்த அடி எனக்குக் கிடைக்காது. அது தெரிந்தே சென்னைக்குத் திரும்பி, தெரிந்தே வயதாகி...

அப்போது கேட்டது.

தொம்.

சற்றுப் பொறுத்து இன்னொன்று. தொம். பிறகு இரண்டு சேர்த்து.

டிரம்ஸ் செட்டில் தரையோடு நிற்கும் பெரிய பீப்பாய் ஒன்று உண்டு. அதைக் கையால் அடிப்பதில்லை. காலால் ஒரு மிதிகட்டையை மிதித்தால், அதில் மாட்டிய சுத்தி போய் அடிக்கும். சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

பின்கட்டு வாசலுக்குப் போனேன். முத்துமாரி இரண்டு கையையும் மடியில் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டு, வலது காலால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. எனக்குப் பின்னால் கார்த்தி, கையில் பாதிப் பரோட்டாவோடு.

"கைதான வேலைக்குப் போகுது," என்றாள் கண்ணைத் திறக்காமல். "கால எவன் கேட்டான்?"

எனக்கு அப்போதும் பயம். காலும் பழகிவிடாதா என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அங்கே நாள் முழுக்கச் சம்மணம் போட்டல்லவா உட்கார்ந்திருக்கிறாள்! மடக்கி வைத்த கால் எதைப் போய் மிதிக்கும்? இத்தனை வருஷம் படித்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டாள்.

கார்த்தி கையைக் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு கிடாரை எடுத்தான். மைக் பையன் வாயில் இருந்ததை விழுங்காமல் ஓடி வந்தான். கேமராமேன், வெளிச்சம் சரியில்லை என்று ஏதோ சொல்லிக்கொண்டே கேமராவைத் தோளில் போட்டார்.

நான் கத்தினேன்.

ஓடாதே. தொம். உரசாதே. தொம்.

வேகமும் சுறுசுறுப்பும் உள்ள பாட்டு அது. ஒரு கால் எவ்வளவு செய்ய முடியும்? பழைய 'போர்டு' பட்டாசுச் சரம் என்றால், இது தூரத்தில் எங்கோ விழுகிற ஒற்றை வெடி. நடுவில் எல்லாம் வெறும் இடைவெளி. அவள் கை எங்கெங்கே அடித்திருக்கும் என்று எனக்கும் தெரியும், கார்த்திக்கும் தெரியும். அந்த இடங்களில் எல்லாம் அவன் வாசிக்காமல் விட்டான். நானும் மூச்சு விடவில்லை. வராத அடிகளையும் சேர்த்துத்தான் நாங்கள் மூவரும் வாசித்தோம். முத்துமாரியின் முகத்தில் மட்டும் அவை ஒவ்வொன்றும் விழுந்துகொண்டிருந்தன.

தட்டாதே என்று நான் கத்தினேன். குரல் கிழிந்தது அங்கேதான். அவள் மிதித்த மிதியில் டிரம் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.

முதுகில் கேட்டது. அதே இடத்தில்!

ஆனால் கை மடியை விட்டு அசையவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மேல் கை, கீழ்க் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு.

முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. கார்த்திதான், பாதுகாப்புக்கு இன்னொரு டேக் போகலாமா என்று மெல்லக் கேட்டான். கால் வலிக்கிறது, அதோடு மூன்று மணிக்குத் தண்ணீர் வரும் என்று எழுந்தாள். போகிற போக்கில் குச்சிகளை எடுத்து ஷாலினியிடம் கொடுத்தாள்.

"நல்லா அடி," என்றாள். "எனக்கும் சேத்து அடி."

ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். நாம் எல்லோருமே எதையாவது ஒன்றை வேலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வாழ்கிறோம். ஒருத்தருக்குக் கை. ஒருத்தருக்குக் கண். வாடிக்கையாளரிடம் சிரித்தே ஆக வேண்டிய உத்தியோகத்தில் இருப்பவருக்குச் சிரிப்பு. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அது நம்முடையதாக இருப்பதில்லை. சம்பளம் கொடுப்பவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று நமக்கு நன்றாகத் தெரியும். எதை எடுத்துக்கொள்ள மறந்தார்கள் என்று எத்தனை பேர் தேடிப் பார்த்திருக்கிறோம்?

திங்கட்கிழமை நான் சென்னையில் இருந்தேன். குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. காலையிலிருந்து வேலையே ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி விட்டு பஸ் ஏறும் நேரம் தாண்டியது. இன்னும் கொஞ்சம் தாண்டியது. வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. அதன் பிறகுதான் அழைத்தாள்.

பேச முடியாமல் 'ம்' என்றேன்.

"கை நல்லா இருக்கு," என்றாள் எடுத்த எடுப்பில். பின்னால் பஸ் சத்தம், பெண்கள் பேச்சு. "அது பாட்டுக்கு வேலையப் பாத்துச்சு. கூட இருந்தவளுகதான், ஏ மாரி, என்னட்டி தன்னால சிரிக்கேன்னு கேட்டுட்டே இருந்தாளுக. என்னத்தச் சொல்ல?"

என்னால் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வைக்கவில்லை. பஸ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சென்னையில் நின்றேன்.

நேற்று எங்கள் கீழ் வீட்டு சார் படியேறி வந்தார். தப்பாக நினைக்க வேண்டாம், இரண்டு நாளாகச் சாயங்காலமானால் மேலே ஏதோ 'தொம் தொம்' என்று கேட்கிறதே, வீட்டில் ஏதாவது வேலை நடக்கிறதா அம்மா என்று கேட்டார்.

தாளம் போட்டுக்கொண்டிருந்த வலது காலை நிறுத்திவிட்டு, இல்லை சார், வேலை முடிந்துவிட்டது என்றேன்.